உன் அம்மாவின் வலது கை

அன்பு மகள் மாய்ராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நம் குவென்காவில் மழையும் குளிருமாக இருந்தாலும் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகனும் குழந்தையும் அங்கே ஸ்பெயினில் அந்த மூர்சியா வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷன் எதற்குக் காகிதம் எடுத்தார் என்று நினைப்பாய். பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், ‘நல்லா ஆயிட்டு வருதுடி’ என்று அவள் சொல்லும்போது நான் தலையாட்டத்தானே முடியும். பக்கத்துத் தெரு நெல்சன் ஸ்பெயினுக்குக் கிளம்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு மூளையைத் தூண்டும் சிகிச்சை என்று சொன்னேன் அல்லவா, அது உன் அம்மாவுக்கு முடிந்துவிட்டது. தலைக்கு மேல் ஒரு கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டு டக் டக் என்று தட்டவிடுவார்கள், வலி கிடையாது. முதல் நாள் சோதித்தபோது ஒவ்வொரு தட்டுக்கும் அவளுடைய வலது கை விரல் தானாகத் துள்ளியது. ‘யோவ் எர்மெல், ஆடுதுய்யா, பாருய்யா’ என்று அவள் கத்தியதில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர், மூளையில் நல்லா இருக்கிற பாதி அடிபட்ட பாதியை அமுக்கிவிடும், அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் இந்தத் தட்டல் என்று விளக்கினார். ‘எங்க வீட்ல அந்த நல்ல பாதி நான்தான் டாக்டர், என்னை அடக்க மெஷின் இன்னும் வரல’ என்றாள் உன் அம்மா. அன்று சிரித்ததுதான்.

அதன் பிறகு பயிற்சி. நல்ல கையில் தடித்த உறை ஒன்றை மாட்டிவிட்டார்கள், விழித்திருக்கும் நேரமெல்லாம் அதோடுதான் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் வராத கையால்தான் செய்ய வேண்டும். பயிற்சி தருகிற யாதிரா நல்ல பெண், ஆனால் கறார். ‘எர்மெல் ஐயா, நீங்க உதவி பண்ணா அந்தக் கை சோம்பேறி ஆயிடும், பாக்க முடியலன்னா வெளிய போயிடுங்க’ என்றாள். சூப்பு மடியில் கொட்டும், அவித்த சோளமணி ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்குள் அவளுக்கு நெற்றி வேர்த்துவிடும், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டி உட்கார்ந்து அழுவாள். ஒரு நாள் தாங்காமல் நானே பொத்தானைப் போட்டுவிட்டேன், ‘நீ என்னைக் குழந்தையாவே வச்சிரு’ என்று திட்டினாள். கடற்கரைப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அந்த மலைப்பாதையில் லாரி ஓட்டி வந்தவள் இல்லையா. கியர் கம்பியைப் பிடித்தால் போதும், மறுபடி ஓட்டுவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிடிப்பு வந்தது மகளே, கோப்பையைப் பிடித்தாள். ஆனால் பிடித்ததை விடுவதற்குத்தான் வரவில்லை. விரல் மடங்குகிறது, விரிய மாட்டேன் என்கிறது. விரிவது கடைசியில்தான் வரும், சிலருக்கு வராமலும் போகும் என்று யாதிரா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

போன வாரம் ரொசேந்தோ இறந்துவிட்டார். உன் அம்மாவோடு பயிற்சிக்கு வந்தவர், அவருக்கும் அதே வலது கைதான், யார் முதலில் ஆரஞ்சுப் பழம் உரிப்பது என்று இருவருக்கும் பந்தயம். இரண்டாவது முறை பக்கவாதம் வந்து போய்விட்டார். துக்க வீட்டில் அவர் மனைவி ஒஃபேலியாவுக்கு ஆறுதல் சொல்ல வரிசையில் நின்றோம். உன் அம்மா வேண்டுமென்றே வலது கையை நீட்டினாள், ஒஃபேலியாவின் கையைப் பிடித்தாள், அவ்வளவுதான், விட முடியவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். துக்கம் தாங்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், உன் அம்மா முகம் மட்டும் வெளிறிப்போய்விட்டது. நான் நகர்வதற்குள் ஒஃபேலியா அவள் மணிக்கட்டைக் கீழே மடக்கி, புறங்கையை மெதுவாகத் தடவினாள், விரல்கள் ஒவ்வொன்றாக இளகிவிட்டன. ‘அவருக்கும் இப்படித்தான் எடுத்து விடுவேன்’ என்றாள். சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கு அழுகை வந்தது, அதுவரை கல்லாக நின்றிருந்தாள்.

வீடு திரும்பினோம். வாசலில் லாரியைப் பார்த்ததும் உன் அம்மா, ‘உன் தம்பி மகன் கேட்டானே, சாவியை அவன்கிட்டயே குடுத்துரு’ என்றாள். மறுநாள் பயிற்சிக்குக் கிளம்பவில்லை, இன்று வரை கிளம்பவில்லை. யாதிரா போன் செய்தாள், மழை என்று சொல்லி வைத்தேன். வற்புறுத்தலாமா விட்டுவிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தோன்றுவதை எழுது.

குழந்தைக்குச் சளி என்றாயே, காதை மூடி வெளியே அனுப்பு. வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. கடவுளும் மாதாவும் உங்கள் மூவரையும் விட்டு நீங்காமல் காக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. போனில் ‘கையைக் காட்டும்மா’ என்று இனிமேல் கேட்காதே. நீ திரையில் பார்த்துக் கைதட்டினாயே, அந்த விரிந்த கை, நீ கூப்பிடுவதற்கு முன் மேசைமேல் வைத்து நான் விரல் விரலாகப் பிரித்து விட்டது.

இப்படிக்கு,
உன்னை ஆசீர்வதிக்கும் அப்பா,
எர்மெல்