தானாகக் கூடைக்குள் போன பூனைகள்

இன்று காலை பரவைச் சந்தையில் ஒரு பெண் நெத்திலிக் கருவாட்டைச் சாக்கின் மேல் கொட்டிக் குவித்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். உன் முந்தானை முடிச்சில் எப்போதும் இருந்த வாடை அது. நீ போன பிறகு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் செல்லூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நாம் இருவரும் நூல் சுற்றிக்கொண்டிருந்தோம். கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று பூனைகள் ஒளிந்து கிடந்தன. யாரோ கொண்டுவந்து விட்டுப் போனவை. ஆள் நிழல் பட்டாலே தறிக்கு அடியில் ஓடிவிடும். ஒருநாள் அதில் ஒன்றின் வால் தறியின் பெல்ட்டில் சிக்கித் தோல் உரிந்துபோனது. சாக்கைப் போட்டு அமுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாய்.

"பயந்த சீவனை அவசரப்படுத்தாதடி. அமுக்கிப் பிடிச்சா போற வழியிலயே பயத்துல செத்துரும்."

மூடி போட்ட பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து மூட்டைகளுக்கு அருகே வைத்தாய். உள்ளே உன் பழைய சேலை, அதன்மேல் நாலு நெத்திலி. மூடியைத் திறந்தே விட்டாய். பக்கத்தில் உட்கார்ந்தாயே தவிர, பூனையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் அது தானாக உள்ளே போய்ப் படுத்தது. ஆடுகளும் நாய்களும் வந்து சேர்வதற்கு முன் மாட்டாஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நின்றோம். கூடையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தாய்.

"என்னம்மா, பூனைக்கெல்லாம் வைத்தியமா?" என்று டாக்டர் சிரித்தார்.

"ஆமாங்கய்யா. வெளிய எடுக்க வேணாம், கூடைக்குள்ளயே வச்சுப் பாருங்க. அதுக்கு அதுதான் வீடு."

அவரும் அப்படியே பார்த்தார். பூனை ஒரு சத்தம் போடவில்லை. அதன் பிறகு மற்ற இரண்டும் பழகின. உன் கூடையைக் கண்டால் மூன்றும் ஓடிவந்து ஏறிக்கொள்ளும்.

அந்த ஐப்பசியில் நெய்து வைத்த சேலைக் கட்டின் மேல் ஒரு பூனை மூத்திரம் பெய்துவிட்டது. மறுநாள் நாம் வேலைக்குப் போனபோது பூனைகள் இல்லை. கூடை மட்டும் வாசலில் ஈரம் சொட்டக் கிடந்தது.

"பூனைக எங்க, முதலாளி?" என்று கொட்டகைக்காரனிடம் கேட்டாய்.

"ஆத்துல. தண்ணி நல்லா போகுதுல்ல?" அவன் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். "பிடிக்கிற சிரமமே இல்ல. கூடைய வச்சேன், மூணும் வந்து உக்காந்துக்கிருச்சு. ஒனக்குத்தான் நன்றி சொல்லணும்."

நீ அன்றே வேலையை விட்டாய். "நம்பச் சொல்லிக் குடுத்தது நாந்தானடி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! அடுத்த வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை விட்ரு" என்றாய். தலையாட்டினேன். பொய்யாகத்தான் ஆட்டினேன்.

மூன்று வருடம் கழித்து அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கட்டிக்கொடுத்த மகள் புருசன் வீட்டில் அடிபட்டுத் திரும்பி வந்திருந்தாள். யாருடனும் பேச்சில்லை. அவள் கையோடு கொண்டுவந்த பூனை ஒன்றுதான் துணை. அதற்குக் காதில் சீழ்.

"கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிருக்கும்மா. பிடிக்கப் போன ரெண்டு பேரையும் கடிச்சுருச்சு. அது செத்தா எம்மகளும் இருக்க மாட்டா. நீ வந்தாத்தான் ஆகும்."

"வாரேன்" என்றேன். உன் கூடையையே எடுத்துப் போனேன். அதைப் பார்த்ததும் அவன் முகம் செத்தது.

"நீங்கதான் உக்காரணும் முதலாளி. கீழ, தரையில. உள்ளங்கையில கருவாட்ட வச்சுக்கிட்டு. பேசக் கூடாது."

உட்கார்ந்தான். நாற்காலியை விட்டு இறங்காதவன், காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் கட்டிலடியில் கை நீட்டிக் கிடந்தான். மூன்றாம் நாள் மத்தியானம் அவன் கொட்டகைக்குப் போயிருந்தபோது பூனை தானாகக் கூடைக்குள் போய்ச் சுருண்டு படுத்தது. நான் பார்த்தேன். அப்போதே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மாலைக்குள் அது மறுபடி கட்டிலடிக்குப் போய்விட்டது. அவன் வந்ததும், "இன்னும் பழகல. இன்னொரு மூணு நாள் உக்காருங்க" என்றேன்.

ஐந்தாம் நாள் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "அன்னைக்கு நான் அந்தப் பூனைகள..." என்று தொடங்கினான்.

"பேசாதீங்க முதலாளி. பூனை பயந்துரும்."

வாயை மூடிக்கொண்டான். அந்த வார்த்தையை அவன் தொண்டைக்குள் திருப்பித் தள்ளியபோது எனக்குள் எம்புட்டுக் குளிர்ச்சி தெரியுமா? உன் சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூடியைப் பாதி திறந்து பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "உசுருக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே கொண்டாந்திருக்கலாமே? இந்தக் காது இனிமே கேக்காது."

அவன் மகள் என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி இது பிழைச்சிருக்காதுக்கா." பல நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு அது என்று அவன் அழுதான். நான் கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவனும் போய்ச் சேர்ந்தாயிற்று. சாவதற்கு முன் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாசலுக்கு வந்தான். இரண்டு முறையும் கதவைத் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. நீயே வந்து கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பூனை இருந்தவரை, அவன் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அது என் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பும். பிறகு கண்டுபிடித்து, ஓடிவந்து என் காலில் உரசும்.

அதை மட்டும்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன்.