ஏரியைப் பார்க்கும் சுவர்

நேற்றுக் காலை காணை ரோட்டில் அந்த ஹாஸ்டல் கேட்டைத் தாண்டியதுமே ஈரச் சிமெண்டின் வாசனை மூக்கில் ஏறியது. நம் தொழிலில் தினமும் பழகிய வாசனைதான். கட்டி முடித்த கட்டடத்தில் அதற்கு என்ன வேலை? நீ வடிவமைத்த சுவருக்கு முன்னால் சாரம் கட்டி, மணலும் சிமெண்டும் கலந்து குவித்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி கரண்டியோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"என்ன வேலைண்ணே?" என்று கேட்டேன்.

"ஓட்டையெல்லாம் அடைச்சுப் பூசச் சொல்லிட்டாங்கம்மா."

ஓட்டையாம்! இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். ஹாஸ்டல் நடத்துகிற டிரஸ்டின் செயலாளரை மேசையோடு சேர்த்து உலுக்கியிருப்பாய். "நான் வர்ற வரைக்கும் ஒரு கரண்டி கூட வைக்காதீங்கண்ணே" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நான் ஆபீஸ் அறையைப் பார்த்து நடந்தேன்.

அந்தச் சுவரை அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். நர்சிங் படிக்கும் பெண்களுக்கு ரோட்டோரமாக வரிசையாய் அறைகள். பின்பக்கம் அடுத்தவர் வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. காற்று வர ரோட்டுப் பக்கத்தை விட்டால் வேறு வழியில்லை. அந்தப் பக்கத்தைத்தான் ஜன்னலே இல்லாமல் மூடித் தரும்படி கேட்டார்கள். "எதிர்த்தாப்ல டீக்கடையில உக்காந்துக்கினு நம்ம பொண்ணுங்களையே பாத்துக்கினு கெடக்கறானுங்கம்மா. பேஜாரா கீது" என்றார் செயலாளர். "அவனுங்க பாக்கறதுக்கு இவளுங்க ஏன் சார் மூச்சு முட்டணும்?" என்று நீ கேட்டாய். அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். டிப்ளமோ படித்த சிவில் எஞ்சினியரான நானாவது ஒழுங்காகக் கட்டித் தருவேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

மறுநாள் நீ திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் டிபன் கடைக்கு மேலே இருந்த நம் ஆபீசில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்தாய். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் வளைந்த கம்பிகள். "காலையிலயே இடியாப்பமா?" என்று கேலி செய்தேன். "தின்னுப் பாருடி, தெரியும்" என்றாய். மற்ற ஆர்க்கிடெக்டுகள் சுவரை வரைவார்கள். நீ, செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்ட ஒரு சுவருக்குக் கட்டளை எழுதினாய். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் கண் உயரத்தில் ஒரு புள்ளி, பஸ் ஸ்டாப்பில் நிற்பவனின் கண்ணுக்கு ஒரு புள்ளி. அங்கிருந்து அறைக்குள் இருக்கிற கட்டிலுக்குக் கோடுகள். எந்தக் கோடு தடையில்லாமல் உள்ளே நுழைகிறதோ, அந்த இடத்துச் செங்கல் அதை மறிக்கும் வரைக்கும் தானாகத் திரும்ப வேண்டும். நீ புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினால் திரையில் சுவர் மொத்தமும் சரசரவென்று திரும்பிக்கொண்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் செயலாளருக்கு அதுவே போதும். நீ கட்டில்மேல் இன்னொரு புள்ளி வைத்தாய். "உள்ள இருக்கறவளுக்குக் கண்ணு கெடையாதா?" என்றாய்.

"அப்ப இவ அவனைப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"கோடு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்டி. அவனுக்கு இவ தெரியலன்னா இவளுக்கும் அவன் தெரியமாட்டான். அவன் மூஞ்சியைப் பாக்கணும்னு யாரு அழுதா? ஏரியைப் பாக்கட்டும்."

டீக்கடையைத் தாண்டி, சாய்வாக, மேற்கே ஏரி இருந்தது. டீக்கடைப் பக்கம் மறிக்கும் செங்கல்கள் ஏரிப் பக்கம் திறந்து வழிவிடும்படி நீ கோணங்களைத் தேடிக் கண்டுபிடித்தாய். சென்னையில் படித்தபோது உன் ஹாஸ்டல் ஜன்னலில் தகரம் அடித்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னாய். "படிச்சு முடிக்கிற வரைக்கும் தகரத்தைத்தான் பாத்தேன். வெளிய மழையா வெயிலான்னு காதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாலும் உன் மூக்கு நுனி சிவந்துவிட்டது. வரிசைக்கு ஒரு பிளைவுட் அச்சு வெட்டிக் கொடுத்து, அதன்மேல் செங்கலைத் திருப்பி வைத்து மேஸ்திரிகள் கட்டினார்கள். திறப்பு விழாவில் செயலாளர் அதை "நம்ம டிசைன்" என்றுதான் எல்லாருக்கும் காட்டினார்.

பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீடு திரும்பவில்லை. அதில் உன்மேலும் எனக்குக் கோபம்தான். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நேற்று ஆபீஸ் அறையில் செயலாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "எதிர்த்தாப்ல புதுசா மண்டபம் வந்துட்டுதும்மா. மாடியில நின்னா உள்ள எல்லாம் தெரியுது. சேஃப்டி முக்கியம்ல? அதான் ஜல்தியா பூசிடச் சொல்ட்டேன்."

"தெரியுதுன்னு யாரு சொன்னது சார்?"

"யாரு சொல்றது? நானே மாடி ஏறிப் பாத்தேன். நீங்களே பாருங்க" என்று போனை நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மண்டப மாடியில் நின்று பெரிதாக்கி எடுத்த படங்கள். ஒருத்தி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி கையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள். டீக்கடையில் உட்கார்ந்தவன் பார்த்தால் பொறுக்கித்தனம், செயலாளர் மாடி ஏறிப் படம் பிடித்தால் அதற்குப் பேர் சேஃப்டி! என்ன ஜென்மங்கள் இவர்கள்! நான் வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. சுவரோரம் சாரம் கட்டுகிறார்கள் என்று காலையில் எனக்கு போன் செய்து வரவழைத்த முகையூர்ப் பெண், கடைசி வருடம் படிக்கிறவள்.

"அதுல தூங்கறது நான்தான் சார். மொதல்ல அதை அழிங்க."

"உங்க நல்லதுக்குத்தாம்மா எடுத்தேன்..."

"அழிங்க சார்."

அவளுக்குப் பின்னால் வராந்தா நிறையப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக அழித்தார். அவள் பக்கத்தில் வந்து நின்று கடைசிப் படம் போகும்வரை பார்த்தாள்.

பிறகு அவர் மேசைமேலேயே லேப்டாப்பைத் திறந்தேன். உன் இடியாப்பத்தில் கை வைக்க எனக்கு எப்போதும் பயம். நேற்று இருந்த கோபத்தில் பயம் கிட்டவே வரவில்லை. மண்டப மாடியில் ஒருவன் நிற்கும் உயரத்துக்குப் புதிதாக ஒரு கண் வைத்தேன். மேல் வரிசைகளில் மட்டும் கோடுகள் உள்ளே நுழைந்தன. அந்த வரிசைச் செங்கல்கள் திரும்பின, கோடுகள் நின்றன. கீழே ஒரு செங்கல்கூட அசையவில்லை. "இதைத்தான் சார் பிரிச்சுக் கட்டணும். அதுக்கு எதுக்கு மொத்தச் சுவரையும் சாகடிக்கறீங்க?" என்றேன்.

முகையூர்ப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள். "அக்கா, நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து பகல்ல படுத்துக்கினு இருப்போம். படுத்தா ஏரி தெரியமாட்டேங்குது. அதையும் பண்ண முடியுமா?"

நீ கட்டிலில் உட்கார்ந்திருப்பவளின் கண் உயரத்துக்குத்தான் புள்ளி வைத்திருந்தாய். நான் தலையணை உயரத்துக்கு ஒன்று வைத்தேன். கீழ் வரிசைகள் கொஞ்சம் திரும்பின. ஏரித் தண்ணீர் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. கரைமேல் நிற்கும் பனைமரங்களும் அதற்குமேல் வானமும் கிடைத்தன. "அது போதும்க்கா" என்றாள். அந்த வரிசைகளையும் பிரிக்கும் கணக்கில் சேர்த்தேன்.

செயலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு இன்னொருத்தன் மாடி கட்டுவான். அப்பவும் வந்து இப்பிடியே மாத்திக்கினு இருப்பியா?"

"இருப்பேன் சார். அவனுங்க கட்டக் கட்ட வந்து மாத்துவேன்."

அவர் வராந்தாவில் நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு, "என்னமோ பண்ணுங்க" என்றார். நான் வெளியே வந்து சாரத்தின்கீழ் நின்று மேஸ்திரியிடம், எந்தெந்த வரிசைகளைப் பிரிக்க வேண்டும் என்று காட்டினேன். கலந்து வைத்த சிமெண்டை வழித்து வாசல் பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நீ போன பிறகு அந்தப் பெட்டிகளும் கம்பிகளும்தான் என்னிடம் மிச்சம் என்று நினைத்திருந்தேன். இந்தக் கோபத்தையும் என்னிடம்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதை நான் ஆறவிடுவதாக இல்லை.