பதினொரு நாற்காலிகளுக்கு வணக்கம்

கொஃபொரிடுவா
மார்ச் 11

அன்பு மகள் பிராகோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்ற வரி அடுத்து வர வேண்டும், அதை இந்த முறை கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், இது அவருக்குக் கேட்காமல் சொல்ல வேண்டிய விஷயம்.

அப்பாவின் கண் அழுத்தம் உனக்குத் தெரிந்ததுதான். சொட்டு மருந்து விடுகிறார், கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அது உண்மையில்லை. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போகும் என்று மருத்துவர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அப்பா பிடி கொடுக்கவில்லை. "முப்பது வருஷமா கரும்பலகையில வரைஞ்சே காட்டின எடத்தையெல்லாம் ஒரு தடவை நேர்ல பாத்துடறேன், அப்புறம் கத்தி வைக்கட்டும்" என்று சொல்லி ஒரு பட்டியல் போட்டார். இதற்கு நடுவில் உன் மாமா ஏதோ இலைச்சாறு கொண்டுவந்து, மூன்று சொட்டு விட்டால் கழுகு மாதிரி பார்ப்பார் என்று சத்தியம் செய்தார். நான் அதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிட்டு வாழை மரத்தடியில் ஊற்றினேன். அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை, வாழை நன்றாக இருக்கிறது.

முதலில் போத்தி அருவிக்குப் போனோம். கிளம்பும்போது, உன் பட்டமளிப்பு அன்று நான் கட்டியிருந்த மஞ்சள் தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். இந்த வயதில் இதென்ன ஆசை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே கட்டினேன். அருவியடி வரை அவ்வளவு படிகள் இறங்க வேண்டியிருந்ததில் எனக்கு எரிச்சல், முழங்கால் வலி வேறு, அவரை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டேன், அவர் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் வந்தார். வறட்சிக் காலம், பாறையில் நூல் போல ஒரே ஒரு தாரைதான் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது, மழைக்காலத்தில் ஆண், பெண் என்று சொல்லும் அந்த இரட்டை அருவிகள் ஒன்றாகச் சேர்ந்து விழுவதைப் போலவே விழுந்ததையும் குறுக்கே வானவில் நின்றதையும் உன்னிடம் அவர் வர்ணித்தார். நான் அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டே சிரித்தேன். மகளைச் சந்தோஷப்படுத்த வாத்தியார் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

போன சனிக்கிழமை அபுரி தோட்டம். அன்றும் அதே மஞ்சள் துணிதான். பனை வரிசையைத் தாண்டினால் புல்வெளியில் யாருடைய கல்யாணத்துக்கோ நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தரை வரை வெள்ளை உறை மாட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் கடைசி வரிசையில் ஊதா நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் உன் அப்பா எந்த இடத்தையும் கடந்ததில்லையே, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக முன்வரிசையின் வலது கோடிக்குப் போனார். கையை நீட்டி, "காலை வணக்கம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். பிறகு அடுத்த நாற்காலி, அதற்கடுத்தது. விளையாடுகிறார் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் மரியாதை விஷயத்தில் அவர் விளையாடுகிறவர் இல்லை. பாதி வரிசைக்கு மேல் அவர் முகத்தில் கோபம் ஏறியது, ஆனாலும் நிறுத்தவில்லை, வரிசையைக் கடைசி வரை முடித்தார். நாடா கட்டிய பெண்களில் ஒருத்தி, "அப்பா, விருந்தாளிங்க ரெண்டு மணிக்குத்தான் வருவாங்க, நாற்காலிகிட்ட எதுக்கு நலம் விசாரிக்கிறீங்க?" என்றாள். இன்னொருத்தி, "சும்மா இருடி, ஒத்திகை பாக்கறாரு, மாப்பிள்ளையே இவருதானோ என்னமோ" என்றாள். அப்பா குனிந்து நாற்காலி முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஒத்திகைதாம்மா, என் வகுப்புப் பசங்களுக்கு இவங்க எவ்வளவோ தேவலை, வாயே திறக்கல" என்றார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கை மட்டும் அந்த நாற்காலியை விடவே இல்லை.

கையைப் பிடித்து இலவ மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். எத்தனை என்று கேட்டார். பதினொன்று என்றேன். "பதினொரு பேர்ல ஒருத்தன்கூட கை நீட்டலையே, ஊரு இவ்வளவு கெட்டுப்போச்சான்னு எனக்கு வந்த கோவம் இருக்கே" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை. போத்தியில் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். உனக்குச் சொன்ன வானவில் அவருடைய பழைய பாடக்குறிப்பிலிருந்து எடுத்ததாம். அப்படியானால் அத்தனை படிகளை எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டேன். "முன்னாடி ஒரு மஞ்சள் போச்சு, அது பின்னாடியே வந்தேன்" என்றார். சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைக் கவனித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் தலையில் இருந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் போதும், அந்த மஞ்சளையாவது காப்பாற்றுவோம் என்று மட்டும் சொன்னேன். நேற்று காலை அவரே மருத்துவரைக் கூப்பிட்டார், இந்த மாதம் 27ஆம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. "பிராகோகிட்ட சொல்லிடாத, படிப்பை விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் பயந்தபடி ஓடி வந்துவிடாதே, ஆகஸ்டில் திட்டமிட்டபடியே வா. அதுவரை அவரிடம் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்காதே. வானவில் கதையை மறுபடி சொன்னால், முதல் தடவை கேட்பது போலக் கேள். அழுவதானால் தொலைபேசியை வைத்த பிறகு அழு.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், உன் படிப்பு குறையில்லாமல் முடியட்டும். இந்தக் கடிதத்தோடு அந்த மஞ்சள் தலைத்துணியையும் வைத்திருக்கிறேன், துவைத்ததுதான். மறக்காமல் அதைக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கு. அன்று நான் வேறு நிறம் கட்டிக்கொண்டு பின்னால் நின்றுகொள்கிறேன். உன்னை அவரே கண்டுபிடித்து வரட்டும்.

உன் அம்மா,
ஓஃபோரிவா