உப்பு மணி கோத்த உடுப்பு

மே 9, திங்கள்

காலையிலேயே கொளுத்துகிறது. பஸ்ஸில் ஜன்னல் சீட், அந்த மட்டில் அதிர்ஷ்டம்.

நான் வேலை பார்க்கும் கடலோர கெஸ்ட் ஹவுஸில் ஒரே கூத்து. முதலாளி மேடத்துக்கு அடுத்த வார சனிக்கிழமை அறுபது வயது. பார்ட்டி. எல்லோரும் ஜாஸ் காலத்து உடையில் வர வேண்டுமாம். ரிசப்ஷனில் உட்காரும் நானும், ரூம் பார்க்கும் கலாவும் உட்பட. "அன்னிக்கு யாரும் ஸ்டாஃப் இல்ல, எல்லாரும் கெஸ்ட்டு. செல்வி, நீ வரலைன்னா கேக் வெட்ட மாட்டேன்" என்றார்.

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் படம் காட்டினார். 1920-கள் காலத்து அமெரிக்காப் பெண்கள். குட்டை முடி, நெற்றியில் பட்டை, பட்டையில் இறகு. இடுப்பே இல்லாத கவுன். உடம்பெல்லாம் பளபளவென்று குஞ்சம், ஆடினால் அதுவும் சேர்ந்து ஆடுமாம்.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பொட்டு வைத்தே மூன்று வருஷம். அத்தையிடம் எப்படிச் சொல்வது? எனக்குப் புருஷன் போனான் என்றால் அவருக்குப் பெற்ற பிள்ளை போனான். அவர் எதிரில் நான் மினுக்கிக்கொண்டு நிற்கவா?

மே 11, புதன்

வேண்டியவை (அத்தைக்குத் தெரியாமல்):
கவுன் - என் சாம்பல் நிறப் புடவை போதும். படத்தில் முட்டி வரை. நான் கணுக்கால் வரை இறக்கித் தைத்துக்கொள்வேன்.
பட்டை - கறுப்பு ரிப்பன்.
இறகு - உப்பள வரப்பில் கொக்கு உதிர்ப்பது.
குஞ்சம் - வெள்ளை நூல்.
மணி - ?

பாண்டிக் கடையில் கண்ணாடி மணி. கையில் அள்ளிப் பார்த்தேன், அவ்வளவு அழகு. "யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டு நூலும் ரிப்பனும் மட்டும் வாங்கி வந்தேன்.

மே 13, வெள்ளி

தலைவலி. மோர் குடித்தும் போகவில்லை.

குழாயடியில் என் முதுகுக்குப் பின்னால்: "புருசன் லாரி ஆக்சிடென்ட்டுல போயி மூணு வருசம்தான் ஆவுது. அதுக்குள்ள ரிப்பன் கேக்குது பாரு." திரும்பிப் பார்க்கவில்லை. குடம் நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மேடத்திடம் காய்ச்சல் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

மே 15, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் நிற்கிறேன், தலையில் இறகு. வெயில் தாங்காமல் உப்பள வேலையிலிருந்து அத்தை சீக்கிரமே வந்துவிட்டார்.

"இன்னாடி இது, தலையில கொக்கு உக்காந்துக்கினு இருக்குது?"

பார்ட்டி, மணிக் கடைக்காரர் கேட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழுகையும் வந்தது. அத்தை தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். குஞ்சத்தை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"வெறும் நூலாத் தொங்குது. மினுக்கவே இல்லியே."

"வேணாம் அத்த. நான் போவல."

"உன் வயசுல, இதெல்லாம் வேணுமாடின்னு என்னை யாரும் கேக்கல. நானும் வேணும்னு கேக்கல." அவ்வளவுதான். குஞ்சத்தை எல்லாம் பிரித்தெடுத்துச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்கத் தைரியமில்லை.

மே 17, செவ்வாய்

உப்பு விளையும் பாத்தியில் தண்ணீர் கெட்டியாக இருக்குமே, அதில் குஞ்சத்தை முக்கி, வெயிலில் காயப்போட்டு, மறுபடி முக்கி, மறுபடி காயப்போட்டிருக்கிறார் அத்தை. இழைக்கு இழை கடுகு அளவில் உப்புக் கல். தூக்கிப் பிடித்ததும் வெளிச்சம் சிதறியது. பாண்டிக் கடை மணியெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

"தெச்சுப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் அம்மா இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருப்பாளா, தெரியவில்லை.

மே 20, வெள்ளி

தைத்தாயிற்று. ஊசி குத்தும்போது கொஞ்சம் உதிர்ந்தது. பாதகமில்லை. நல்ல கனம்.

குழாயடியில் அத்தையின் குரல், தெருக்கோடி வரை: "என் மருமவ நாளைக்குப் பார்ட்டிக்குப் போறா. பாக்கணும்னு இருக்கறவங்க வூட்டாண்ட வந்து பாத்துக்குங்க."

மே 22, ஞாயிறு

பார்ட்டி முடிந்து ராத்திரி அங்கேயே கலாவோடு தங்கி, காலை பஸ்ஸில் வீடு வந்தேன். கால் வலி. சுகமான வலி.

விளக்கடியில் போய் நின்றதும் எல்லோரும் திரும்பினார்கள். "எந்தக் கடை மணி இது?" என்றார் மேடம். "எங்க அத்த குடுத்தது மேடம்" என்றேன்.

பிறகு கடல்காற்று கிளம்பியது. ஈரக்காற்று. கேக் வெட்டும்போதே குஞ்சம் பிசுபிசுத்தது. பாட்டு போட்டதும் சொட்டத் தொடங்கியது. "செல்வி, உன் கவுனு அழுவுதுடி" என்றாள் கலா. முதலில் கூனிக் குறுகினேன். அப்புறம் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. தரையெல்லாம் உப்புத் தண்ணீர் சிந்த ஆடினேன். மேடம் வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் ஆடினார். கடைசியில் வெறும் ஈர நூல்தான் தொங்கியது.

பஸ் முழுக்க ஒரே கவலை. வேகாத வெயிலில் அவ்வளவு பாடுபட்டாரே, அத்தனையும் போய்விட்டது என்று எப்படிச் சொல்வேன்?

செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை கேட்டார். "கரைஞ்சிடுச்சா?"

"எப்படி அத்த தெரியும்?"

"உப்பு, கடல்காத்துல கரையாம இன்னா பண்ணும்? கொஞ்ச நேரமாச்சும் மின்னுச்சா?"

"மின்னுச்சு அத்த."

"சரி, சாப்புடு. அடுத்த தபா கண்ணாடி மணியே வாங்கிக்க. யாருக்குன்னு கேட்டா எனக்குத்தான்னு சொல்லு."