ஒன்பது சாம்பல் குஞ்சுகள்

மருதமுனை
4.1.1954

நபீலாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் நபீலாவும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். நீங்கள் கோபித்துக்கொண்டு உங்கள் மூத்த ராத்தா வீட்டுக்குப் போய் ஐந்து மாதமாகிறது, ஒரு வரி வரவில்லை.

எழுதக் காரணம் கோழி. என் வாப்பா காலி நகரிலிருந்து கொண்டுவந்த சாம்பல் வர்க்கம் அழிந்துவிட்டது. நோய் வந்து, சேவலும் ஐந்து பேடும் இரண்டு மாதத்துக்கு முன் ஒரே கிழமைக்குள் செத்தன. பிழைத்தவை சாம்பல் தெறித்த இரண்டு வெள்ளைப் பேடுகள் மட்டும். சாம்பல் கோழிக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் குஞ்சு வந்தபோது, "சாம்பலுக்குச் சாம்பல்தான் பொரிக்கும். நீ வேலிக் கடப்பத் திறந்து உட்டு ஊர்ச் சேவல் வந்திரிக்கி. அத மறைச்சிப் பொய் சொல்றாய்" என்று கத்தினீர்களே, அந்தக் குஞ்சுகள்தாம் வளர்ந்து நிற்கின்றன. அவற்றோடு பிறந்த கறுப்பனைச் சாட்சி என்று தூக்கிக்கொண்டு போனீர்கள். தேத்தண்ணிக் கடையில் வைத்து எல்லாருக்கும் காட்டினீர்களாம், மாட்டுக் கரத்தைக்காரர் சீனிமுகம்மது சொன்னார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கறுப்பனை இன்னும் அறுக்கவில்லை என்றால் அனுப்புங்கள். வீட்டு வளவில் கூவ ஒரு சேவல் இல்லை.

சபூறா


சம்மாந்துறை
12.1.1954

சபூறாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே அரிசி ஆலையில் வேலை. மாமாவின் சாம்பல் வர்க்கம் போன செய்தி படித்துச் சோறு இறங்கவில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை வேறு எந்த வளவிலும் அந்த நிறம் இல்லையே!

கறுப்பனை சீனிமுகம்மதுவிடம் கொடுத்திருக்கிறேன். இடக்காலில் ஒரு நகம் இல்லை, பார்த்து எடு. ஆனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் என்ன பிறக்கப்போகிறது? கலப்பு கலப்புத்தான். நான் சொன்ன சொல்லில் மாற்றமில்லை.

மகளுக்குப் பேரீச்சம்பழம் அனுப்புகிறேன்.

சாலிஹ்


மருதமுனை
7.4.1954

நபீலாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் வல்லமையை நான் எப்படி எழுதுவேன்!

பதினொரு முட்டை அடைவைத்தேன். ஒன்பது பொரித்தன. ஒன்பதும் சாம்பல். ஒன்றுகூடக் கறுப்பில்லை, ஒன்றுகூட வெள்ளையில்லை. பொரித்த அன்றே கண்டேன். குஞ்சின் பூமயிரை நம்பலாமா என்று கேட்பீர்கள் என்றுதான் இறகு வரும்வரை வாய் திறக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. மழைக்கு முந்திய கடலின் நிறம். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மை தொட்டு இழுத்தது போல ஒரு கோடு. குஞ்சுகளை மூடிய கரப்புக் கூடையின் முன் குந்தி, சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

தறியில் உடுத்தும் சாரம் ஒன்று ஓடுகிறது. பாவு கறுப்பு, ஊடை வெள்ளை. தூரத்தில் பார்த்தால் துணி சாம்பல். நுனியைப் பிரித்தால் கறுப்பு வேறு, வெள்ளை வேறு. சாம்பல் கோழிக்குள்ளும் அப்படித்தான் இரண்டும் இருந்திருக்கின்றன. பிரிந்தபோது கறுப்பனும் வெள்ளைகளும் வந்தன. சேர்ந்ததும் சாம்பல் திரும்பிவிட்டது. பதினைந்து வருடம் தறியில் இருந்த மனிசர் நீங்கள். ஊர்ச் சேவல் எங்கே வந்தது, சொல்லுங்கள்!

ஒரு குஞ்சை அனுப்புகிறேன். கறுப்பனைக் காட்டிய அதே கடையில், அதே ஆட்களிடம் காட்டுங்கள். பிறகு எழுதுங்கள்.

சபூறா


சம்மாந்துறை
19.4.1954

என் அன்புள்ள சபூறாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். காட்டினேன்.

குஞ்சைக் கடை மேசையில் விட்டேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. அன்று கறுப்பனைப் பார்த்த பெரியவர் இப்றாஹிம் காக்கா எழும்பி வந்து, "இது எந்தச் சாம்பல் சேவலுக்குப் பொரிச்சது?" என்று கேட்டார்.

"சாம்பல் சேவலே இல்ல காக்கா. நான் இஞ்ச கொண்டுவந்து காட்டின கறுப்பனுக்குத்தான்."

"அப்ப சபூறா பொய் சொல்லல்லயா?"

"இல்ல. அவ சொன்னது உண்மை. பொய் சொன்னது நான்தான்" என்றேன்.

வெட்கத்தில் தலை நிமிரவில்லை, சபூறா. அந்தக் குஞ்சைக் கையில் ஏந்தியபடி ஆலை வாசலில் நெடுநேரம் நின்றேன். இத்தனூண்டு இறகுக்குள் படைத்த றப்பு எதையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறான்! கண் எதிரே இருந்த உன்னை நான் நம்பவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

நோன்புக்கு முன், முப்பதாம் திகதி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன். கடப்பு திறந்திருக்குமா?

உன் சாலிஹ்


மருதமுனை
23.4.1954

நபீலாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடப்பைத் திறந்து வைக்க மாட்டேன். அன்றும் நான் திறந்து வைத்ததில்லை.

மூடித்தான் இருக்கும், பூட்டு இல்லை. நீங்களே திறந்துகொண்டு வாருங்கள். வந்ததும் மறக்காமல் மூடுங்கள். வளவுக்குள் குஞ்சுகள் நிற்கின்றன.

சபூறா