முழுப் பேர்

செவ்வாய், 4ந் திகதி

பதுளையில் தூறல். இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவு எடுத்தேன். காலை முழுவதும் யோசித்து, அறிவித்தலில் இருந்த 'பெயர்' என்ற சொல்லைப் 'பேர்' என்று திருத்தினேன். மக்களிடம் மக்கள் மொழியில் பேச வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் மற்றவர்களுக்குப் போதிப்பவன் நான். ஒருவராவது கேட்க வேண்டாமா?

விஷயம் இது. லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டு வாரமாக வயிற்றோட்டம், சிலருக்கு இரத்தத்தோடு. ஆஸ்பத்திரித் துண்டில் முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும். எந்த லயம், அதாவது எந்த வரிசை வீடுகள், என்று இல்லை. லயத்துக்கு முகவரி கொடுக்க இத்தனை தலைமுறையாக யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

அங்கே இரண்டு பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடங்கள். மேல் லயத்துக்கு மேல் பீலி, கீழ் லயத்துக்குக் கீழ்ப் பீலி. ஒன்று கெட்டிருக்கிறது. நோயாளிகள் எந்த லயம் என்று தெரிந்தால் எந்தப் பீலி என்று தெரியும், அதை மூடலாம். என் தொழில் மொத்தமும் இவ்வளவுதான். இதற்கு இரண்டு பட்டம்.

இரண்டையும் மூடினால் குடிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் பவுசர் கேட்டேன், வண்டிக்கு டயர் இல்லையாம். மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியாயிற்று. முடிவு வர ஒரு வாரம். வயிற்றோட்டத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அறிவித்தல், கோவில் ஒலிபெருக்கியில்: 'நாளைக் காலை கொழுந்து மடுவத்துக்கு டொக்டர் வருகிறார். வயிற்றோட்டம் உள்ளவர்கள் வந்து பேர் போட்டுக்கொள்ளவும்.'

வாங்க: கேஸ்ட்ரிக் மாத்திரை. பெரிய வெங்காயம். குடைக்குக் கம்பி.

புதன், 5

பனி. பசறை தாண்டியதும் வளைவுகளில் என் வயிறும் சரியில்லை. தொற்று அல்ல, சாரதி.

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வரிசை கோவில் வரைக்கும். தோட்டமே நோயில் கிடக்கிறது. இத்தனை வருட வேலையில் இப்படி ஓர் ஒத்துழைப்பைக் கண்டதில்லை. கண் கலங்கியது. பனியாகவும் இருக்கலாம்.

முதலில் மேல் லயத்தார். வயிற்றைப் பிடித்தபடி, சாவு வீட்டு முகத்தோடு ஒவ்வொருவராக வந்து பதிந்துவிட்டுப் போனார்கள். பிறகு கீழ் லயம். முன்னால் செல்வராணி என்று ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். கொழுந்தெடுக்கிறவள். உதடு வெடித்துக் கிடந்தது.

"டொக்டரய்யா, போடுறது முழுப் பேருங்களா, அரைப் பேருங்களா?"

"முழுப் பேர்தான் வேணும். அப்பா பேரும் சேர்த்துச் சொல்லுங்க."

"ஆத்தாடி! எங்கப்பாருக்கும் சேத்தா? அவரு போய்ச் சேந்து எம்புட்டு வருசமாச்சு!"

வரிசையில் வெடிச்சிரிப்பு. பின்னாலிருந்து ஒருவன்: "எங்கப்பாரும் இல்லீங்க. ஆனா அவருக்கும் போகுதுங்க!"

"டேய், சிரிக்க வைக்காத. எனக்கு நெசமாவே போகுது. சிரிச்சா இங்கயே போயிரும்" என்றாள் செல்வராணி, சிரித்துக்கொண்டே. கீழ் லயம் மொத்தமும் சிரித்தபடியே பதிந்தது. காரணம் தெரியாவிட்டாலும் மரியாதைக்கு நானும் சிரித்தேன்.

கூட வந்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பண்டார (இனி ப.). ஹாலிஎல ஆள். சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் சரளம். திரும்பும்போது ஜீப்பில் சொன்னார்:

"சேர், தோட்டத்துல பேருன்னா ஒரு நாள் சம்பளம். முழு நாள் வேலைக்கு முழுப் பேர். கொழுந்து கொறஞ்சா அரைப் பேர். இன்னைக்கு வயித்தால போறவங்களுக்கெல்லாம் சேர் முழுச் சம்பளம் போடுறதாச் சொல்லிட்டீங்க."

"ஏன் அங்கேயே சொல்லல்ல?"

"சேர் ரொம்ப சந்தோசமா இருந்தீங்க."

நான் பதுளைக் கடைவீதியில் பிறந்தவன். தோட்டத்துச் சனங்கள் எங்கள் கடைக்கு வந்து அரிசி வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். அவர்கள் பேச்சு எனக்குத் தெரியும் என்ற நினைப்பிலேயே தலை நரைத்துவிட்டது.

வியாழன், 6

நோயாளர் வரைபடத்தில் நேற்றைய தேதிக்கு மட்டும் கோபுரம்போல் ஒரு கோடு. கொழும்பிலிருந்து தொலைபேசி. வாந்திபேதியா என்று கேட்டார் மேலதிகாரி.

"இல்லை சேர். சொற்பிழை."

"அது புதுக் கிருமியா?"

விளக்கினேன். நாளைக்குள் பட்டியலைச் சுத்தம் செய்யச் சொன்னார். வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் முறை. ஜீப்பில் டீசல் இல்லை. ஆகவே மேசையில் இருந்தபடி ஒரு விதி கண்டுபிடித்தேன்: சிரித்தவர்களை வெட்டு. குடல் உளையும்போது மனிதன் சிரிப்பதில்லை. எந்தப் பாடநூலும் இதை மறுக்கவில்லை.

ப. தயங்கினார். "சேர், அந்தச் செல்வராணி? அது நெசம்னு சொல்லிச்சே."

"சிரிப்பை ஆரம்பித்ததே அவள்தான்."

கோடு போட்டேன். மிஞ்சியது ஏறக்குறைய முழுக்க மேல் லயம். தோட்டப் படத்தில் புள்ளி வைத்தபோது கண்ணுக்கு அழகாக இருந்தது. மேலே கூட்டம், கீழே வெறுமை. இப்படித் தெளிவான படம் இந்தத் தொழிலில் அபூர்வம்.

மேல் பீலியை மூடும்படி தோட்டத் துரைக்குக் கடிதம். தலைவலி. மனைவி வெங்காயத்தை நினைவூட்டினாள்.

வெள்ளி, 7

மழை. டீசல் கிடைத்தது. மேல் பீலியை மூடினோம். கட்டை வைத்து அடைக்கச் சொல்லியிருந்தேன். தோட்டத்து மேசன் உற்சாகத்தில் சிமெந்தே பூசிவிட்டான். சிவப்புப் பலகையும் நட்டாயிற்று.

மேல் லயத்தார் குடத்தோடு வழுக்குப் படியில் கீழே இறங்கினார்கள். கீழ்ப் பீலியில் வரவேற்பு:

"ஒங்க தண்ணிய நாறடிச்சிட்டு எங்க பீலிக்கு வந்துட்டீங்களாக்கும்?"

"ஏண்டி, பீலி ஒன் புருசன் கட்டுனதா? தள்ளு அங்கிட்டு!"

அதற்குள் ப. ஒலிபெருக்கியில், என் உத்தரவுப்படி, 'தவறாகப் போட்ட பேர்கள் வெட்டப்பட்டன' என்று அறிவித்தார். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது. சண்டை நின்றது. இரண்டு லயமும் ஒற்றுமையாக எங்களைப் பார்த்தன.

"வியாதின்னு சொன்னா பேர வெட்டுறாய்ங்க" என்றாள் ஒரு கிழவி. "வாய மூடிக்கிட்டு மலைக்குப் போங்கடி."

ஞாயிறு, 9

வெயில். துணி காய்ந்தது. நேற்றும் இன்றும் புதிய நோயாளி ஒருவரும் இல்லை. கொழும்புக்கு எழுதினேன்: நிலைமை கட்டுப்பாட்டில்.

மாலை அண்ணன் கடையில். பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து தேநீர்.

"நீ ஊசி போடுவியா?" என்றான். வருடத்துக்கு ஒருமுறை கேட்பான்.

"இல்லை."

"மருந்து எழுதுவியா?"

"இல்லை."

"அப்ப என்னதான்டா செய்ற?"

"யாருக்கு, எங்கே, எப்போ வந்ததுன்னு எண்ணுவேன்."

"நானும் எண்ணுறேன். ஆனா தப்பா எண்ணுனா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிரும்."

களைப்பு. தூக்கத்தால் போகிற களைப்பு இல்லை. ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்று பார்க்க வேண்டும்.

திங்கள், 10

மறுபடியும் மழை. காலை ப. அழைத்தார். செல்வராணி மலையில் கூடையோடு மயங்கி விழுந்துவிட்டாளாம். பசறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் சேலைன். கண் உள்ளே போயிருந்தது. பக்கத்துக் கட்டில்களிலும் கீழ் லயத்தார். நேற்று இரவு அள்ளிக்கொண்டு வந்தார்களாம்.

"முன்னமே ஏன் வரல்ல?" என்றேன்.

"வந்தேனுங்களே, டொக்டரய்யா." குரல் எழும்பவில்லை. "நீங்கதான் வெட்டிட்டீங்க."

பிறகு, "இன்னைக்கு எனக்கு அரைப் பேராவது போடுவாங்களா?" என்றாள். இம்முறை பொருள் புரிந்தது.

பிற்பகல் ஆய்வுகூட முடிவு. மேல் பீலி சுத்தம். கீழ்ப் பீலியில் கிருமி.

ப.வை மேசனோடு மேலே அனுப்பினேன். மாலை பேசினார். சிமெந்து நன்றாக இறுகிவிட்டதாம். உளி நாளைக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு லயமும் கீழ்ப் பீலியில் குடிக்கின்றன.