இடம் மாறிய சர்க்கரை டப்பா

அன்புத் தடியனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், இந்த வயதுக்கு எவ்வளவு நலமோ அவ்வளவு. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்குப் பாதி உடம்பு தேறின மாதிரி. போனில் பேசினால் வேலையை விடு, வேலையை விடு என்று ஆரம்பித்துவிடுகிறாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று. டிவி பார்க்கும்போது மாட்டிக்கொள்கிறார், நான் வாயைத் திறந்தால் கழற்றி வைத்துவிடுகிறார். என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய், அது இருக்கிறது. லிஃப்ட் இல்லாத நோயாளி வீடாகப் பார்த்துத்தான் ஆபீஸில் எனக்கு ஒதுக்குகிறார்கள் போல. ஊரெல்லாம் போய் உக்காந்து வேலை செய்யுங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே பாத்திரம் தேய்க்கிறேன். இத்தனை வருஷம் ஆகியும் பிசியோ மேடம் வந்துட்டாங்க என்றுதான் கதவைத் திறக்கிறார்கள். நடக்க வைப்பது பிசியோக்காரர்கள் வேலை, நடந்து போய்க் குளிக்க, சட்டை மாட்ட, அடுப்புப் பற்றவைக்கப் பழக்குவது என் வேலை, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் ஆமாங்க, வந்துட்டேன் என்று உள்ளே போய்விடுகிறேன்.

இந்த மாதம் என்னை ஒரு வழி பண்ணியவர் லாரிக்காரர். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர், மனைவி போனபிறகு தனியாக இருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை, கண்ணும் மங்கல். ஒரே மகள், உன்னைப் போலவே தூரத்தில். அவள் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்துவிட்டாள். அப்பா தனியாக இருக்க முடியுமா என்று நான் சொல்வதை வைத்துத்தான் முடிவு என்றும் சொல்லிவிட்டாள். அவரோ, செத்தாலும் இந்த வீட்டுலதான் என்கிறார். நடுவில் நான். முதல் நாள் போனபோது அவர் அடுப்படி கலைத்துப் போட்ட மாதிரி இருந்தது. லைட்டர் ஜன்னல் பக்கத்து ஆணியில், சர்க்கரை மிக்சிக்குப் பின்னால், டீத்தூள் ஃபிரிட்ஜ் மேலே. மனுஷர் அங்கேயும் இங்கேயும் அலைய வேண்டாமே என்று எல்லாவற்றையும் எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கிவிட்டேன். எங்கள் படிப்பில் அப்படித்தான். அவரும் சரி சரி என்று தலையாட்டினார்.

அடுத்த தடவை டீ போடச் சொன்னேன். மகளும் வீடியோ காலில் பார்த்தாள், போனை ஜன்னலில் சாய்த்து வைத்தேன். தனியாகச் செய்கிறாரா என்று பார்க்கிற இந்த நேரத்தில் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது, ஆபத்து என்றால் ஒழியக் கையை நீட்டக் கூடாது. அவர் காஸைத் திருகிவிட்டார், கை தானாக ஆணிக்குப் போகிறது, லைட்டர் அங்கே இல்லை. தடவுகிறார், தடவுகிறார், காஸ் வாடை வந்துவிட்டது. ஓடிப்போய் நான்தான் மூடினேன். வாடை போனதும் லைட்டரைத் தேடி எடுத்துப் பற்றவைத்து, வரிசையில் முதலில் கைக்கு அகப்பட்ட உப்பை எடுத்து டீயில் போட்டார். போதும் மேடம், பாத்துட்டேன் என்று மகள் வைத்துவிட்டாள். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்குக் கண்ணு எல்லாம் கையிலதாம்மா, கியர யாராச்சும் குனிஞ்சு பாத்தா போடுவாங்க என்றார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் அடுப்படியை நானே கலைத்துவிட்டு, அதிலேயே அவருக்குப் பரீட்சையும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுத் தப்பு என்னுடையது என்றேன். அப்பாவுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கெஞ்சாத குறையாக இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன், ஆபீஸிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாம் பழைய இடத்துக்கே போயிற்று. காஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்று மாட்டச் சொன்னேன், கையில் லைட்டர் வந்த பிறகுதான் திருகணும் என்று பழக்கினேன். நேற்று மகள் போனில் பார்க்க மறுபடி டீ போட்டார். பால் கொஞ்சம் பொங்கி வழிந்தது, அவரே துடைத்தார். துடைத்துக்கொண்டே, நீ போடுற டீய வாயில வெக்க முடியாது, நீ எனக்கு மார்க் போடுறியா என்று மகளைக் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவு நேரமும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதும் கேட்கிற மாத்திரை போட்டீங்களாப்பா என்பதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடைசியில், இல்லத்துல இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன் மேடம் என்றாள். இப்போதைக்கு என்றுதான் சொன்னாள், அதுவே பெரிசு. அவர் கொடுத்த டீயில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு வந்து படுத்தவள்தான், இன்றைக்கு வெயில் ஏறித்தான் எழுந்தேன்.

களைப்பு உண்மைதான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் வேலையை விடுவதா என்று இப்போது கேட்காதே, எனக்கே தெரியவில்லை. நீ உடம்பைக் கவனி, ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே. நீங்கள் இரண்டு பேரும் சிரித்த முகமாக, கடைசிவரை உங்கள் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டு நெடுநாள் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் பிரஷர் எவ்வளவு, கால் எப்படி என்று விசாரணை வைக்கிறாயே, இந்த வாரம் அது வேண்டாம். போனை நான் அடுப்படியில் சாய்த்து வைத்துவிடுகிறேன். நான் சமைப்பதை, அப்பா வந்து மூடியைத் திறந்து திட்டு வாங்குவதைப் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு. நீ என்னைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது, கண்ணா.

இப்படிக்கு,
உன் அம்மா